வேண்டி வளர்த்த தீ

மார்ச் 4, செவ்வாய்

உதயம் 6.24. வரட்டியில் ஈரம் ஏறியிருக்கிறது, பற்றிக்கொள்ள அடம் பிடித்தது. அடியில் ஒரு கற்பூரம் கூடுதலாக வைத்து, அட்டையால் விசிறி, ஒருவழியாகத் தாமிரக் குண்டத்தில் தீ எழுந்தபோது இன்னும் அரை நிமிடம் மிச்சம். இரண்டு சிட்டிகை அரிசி நெய்யோடு. இரண்டு ஸ்வாஹா. இரண்டு முறை 'இதம் ந மம' — இது என்னுடையதல்ல. அவ்வளவுதான் காலைக் கணக்கு. தங்கச்சி மகள் பொடிசு வாயில் பிரஷ்ஷோடு பால்கனி வாசலில் நின்று, இன்று லேட்டா என்று கேட்டாள். இல்லை, சரியான நேரம் என்றேன். நம்பாமல் கடிகாரத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

செயற்கைப் பல் செய்யும் லேப்பில் ஒன்பது பல்லுக்கு மெழுகு செதுக்கினேன். பல்லுக்குப் பீங்கான் ஏற்றும் பக்கத்து மேஜைப் பீங்கான்காரர் என் தலையை முகர்ந்து பார்ப்பது போல மூக்கைச் சுருக்கி, "வீட்ல ரெண்டு வேளை தீ, இங்க நாள் முழுக்க பர்னர். உங்களுக்குக் குளிர்னா என்னன்னே தெரியாதுங்க" என்றார். ஆறு வருஷமாக இதே நக்கல். இரண்டு நாள் சொல்லாவிட்டால் அவருக்கு உடம்பு சரியில்லையோ என்று தோன்றும்.

மார்ச் 7, வெள்ளி

மதியம் தங்கச்சி லேப்புக்கே போன் செய்தாள். அப்படிச் செய்ய மாட்டாள். பயந்துகொண்டே எடுத்தேன். நல்ல செய்திதான். டாக்டர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டாராம். மனவியாதி கடைசியாகத் தலைகாட்டி இரண்டரை வருஷம் ஆகிறது. நாற்றுப் பண்ணை வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். இரண்டு அறை உள்ள வீடு ஒன்று பார்த்திருக்கிறாள். பள்ளி திறப்பதற்கு முன்னால் பொடிசு தன்னோடு வந்துவிட வேண்டும் என்று ஆசை.

"கூட்டிட்டுப் போறேன்னு சொல்லலேக்கா. கூட்டிட்டுப் போகட்டுமான்னு கேக்கறேன்."

ரொம்ப சந்தோஷம் என்றேன். என் குரல் எனக்கே சரியாகத்தான் கேட்டது. போனை வைத்துவிட்டுப் பார்த்தால், கையிலிருந்த மெழுகுக் கடைவாய்ப்பல் பர்னருக்கு மேலேயே நின்று, மேடு பள்ளமெல்லாம் கரைந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. மறுபடி செதுக்கினேன்.

மார்ச் 8, சனி

எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடும்.

தங்கச்சி இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது பொடிசுக்கு மூன்று வயது. பொடிசின் அப்பா அதற்கு முன்பே கழன்றுகொண்டார். குழந்தையை நான் தூக்கிக்கொண்டு வந்தேன். பொறுப்பாளர் என்று காகிதத்திலும் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதம்தான் ஒரு சனிக்கிழமை வகுப்பில் இந்த இரு வேளை ஹோமத்தைக் கற்றுக்கொண்டேன். இதில் எதையும் கேட்கக் கூடாது, கொடுப்பது மட்டும்தான் என்று அந்த வகுப்பு நடத்தியவர் தெளிவாகச் சொன்னார். நான் கேட்டேன். முதல் நாளிலிருந்தே கேட்டேன். ஆகுதி முடிந்து தீ தணியும் வரை உட்கார்ந்து, என் தங்கச்சி நல்லாகணும், என் தங்கச்சி நல்லாகணும். ஆறு வருஷம். காலையும் மாலையும்.

நல்லாகிவிட்டாள்.

அதற்கப்புறம் என்ன என்று ஒரு நாளாவது யோசித்தேனா?

மார்ச் 9, ஞாயிறு

வழக்கம்போல் தங்கச்சி வந்தாள். பொடிசுக்குத் தலை பின்னிவிட்டாள். ஒரு சடை மேலே, ஒரு சடை கீழே. என்னிடம் என்றால் அவிழ்த்துப் பின்னச் சொல்லி ஆடியிருப்பாள். இன்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, அப்படியே விளையாடப் போய்விட்டாள். மாலை வரை அவிழ்க்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி

குழந்தை நலத்துறையிலிருந்து ஆலோசகர் வந்தார். நிதானமான பெண்மணி. நாற்காலி நுனியில் உட்காருகிற ரகம். தாய் திரும்பக் கேட்டு மனுக் கொடுத்திருப்பதால் பொறுப்பாளரின் அறிக்கை வேண்டுமாம். நான்கு பக்கப் படிவம். பால்கனியில் குண்டத்தைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். பொடிசு முந்திக்கொண்டு விளக்கினாள் — சூரியன் வரும்போதும் போகும்போதும் பெரியம்மா சாப்பாடு கொடுப்பார்கள் என்று. ஆலோசகர் அதையும் எழுதிக்கொண்டார்.

மார்ச் 19, புதன்

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டேன். ஏழாவது கேள்வி: தாய் தவறாமல் மருந்து எடுத்துக்கொள்கிறாரா? 'மருந்தை மறந்த சந்தர்ப்பம் உண்டு. ஜனவரியில் நானே பார்த்தேன்.'

பொய் இல்லை. ஜனவரியில் ஒரு ஞாயிறு மாத்திரையை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மார்ச் 20, வியாழன்

மாத்திரை ஞாபகம் வந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, வேளை தவறக் கூடாது என்று அடுத்த பஸ் பிடித்து ஓடினாளே. அதை ஏன் எழுதவில்லை? இடம் இருந்தது. இரண்டு வரி காலியாகத்தான் இருந்தது.

மாலை 6.27. ஆகுதி முடிந்து உட்கார்ந்தேன். ஆறு வருஷப் பழக்கத்தில் வாய் தானாக ஆரம்பித்தது, என் தங்கச்சி — அதோடு நின்றுவிட்டது. அடுத்து வந்தது வேறு. அவளுக்கு ஒண்ணும் ஆக வேண்டாம், ஆனா அவளால முடியாமப் போகட்டும். அப்படியே வந்தது, வார்த்தை வார்த்தையாக. தீக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு.

சீ.

எரிந்து முடியும் முன்பே எழுந்து உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

ஏற்றவில்லை.

மார்ச் 22, சனி

இன்றும் இல்லை. ஏன் என்று பொடிசு கேட்டாள். நெய் தீர்ந்துவிட்டது என்றேன். சமையலறைக்குப் போய் முக்கால் ஜாடி நெய்யைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 28, வெள்ளி

லேப்பில் முன்பல்லுக்கு நிறம் பார்த்ததில் தப்பு. இரண்டு ஷேடு வெளுப்பு. பீங்கான்காரர் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். திட்டவில்லை. என் தலையை முகர்ந்து பார்ப்பது போல நின்றுவிட்டு, "வாசனையே இல்லையே. வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்றார். இருக்கிறார்கள் என்றேன். பத்து வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் நல்ல கேள்வி. அதற்கும் முழு பதில் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கடிதம் வந்துவிட்டது. மருந்து விஷயத்தில் ஐயம் இருப்பதால் ஆறு மாதம் கழித்து மறுபரிசீலனை.

முதலில் வந்தது நிம்மதி. அதை ஒளிக்க இந்த நோட்டில் இடமில்லை. அப்பாடா என்று சோபாவில் சாய்ந்தேன். ஆறு மாதம். பொடிசுக்குப் பள்ளிச் சீருடை அளவு கொடுக்க வேண்டும் என்று திட்டம்கூடப் போட ஆரம்பித்தேன். அப்போது தங்கச்சி போன். "பரவாயில்லேக்கா, ஆறு மாசம்தானே" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள். எனக்கு.

தட்டு போட்டு உட்கார்ந்தேன். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தங்கச்சி வந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து வாக்கியம் சேர்த்து வைத்திருந்தேன். சொல்லவில்லை. அவளும் எப்போதையும்விடக் கொஞ்சம் குறைவாகப் பேசினாள். சீக்கிரம் கிளம்பிவிட்டாள்.

அவளை அனுப்பிவிட்டு வந்தால் பொடிசு கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்து, அதிலிருந்த துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தாள். எப்போது எடுத்து வைத்தாய் என்று கேட்டேன். போன மாதமே வைத்துவிட்டாளாம். எனக்குத் தெரியாமல்.

"எனக்கு அம்மா வீட்டுக்குப் போகணும்னு சொன்னா நீ அழுவியா பெரியம்மா?"

மாட்டேன் என்றேன். "அழறே" என்றாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பொடிசைக் கீழே விளையாட அனுப்பிவிட்டு, சமையலறையில் நின்றபடியே. சேர்த்து வைத்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. நாந்தான்டி எழுதினேன், உன் மாத்திரை பத்தி நாந்தான் எழுதினேன் என்று இரண்டு தடவை சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா. நீ எழுதினதுல எனக்கும் ஒரு காப்பி அனுப்பினாங்க."

கடிதத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அப்படியென்றால் பரவாயில்லை என்று போனில் சொன்னபோதே தெரியும். போன ஞாயிறு இங்கே உட்கார்ந்து நான் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டபோதும் தெரியும். பிறகு ஏன்டி வந்தே என்று கேட்டேன்.

வரக் கூடாது என்றுதான் இருந்தாளாம். பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினாளாம். "ஆஸ்பத்திரில இருந்தப்ப உன்ன நான் பேசாத பேச்சா? எம் புள்ளையத் திருடிட்டுப் போயிட்டேன்னு வார்டு முழுக்கக் கேக்கற மாதிரி கத்தினேன். மறுநாள் நீ வராம இருந்தியா?"

நான் அழ ஆரம்பித்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. துடைத்த பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கோபமாகவே சொன்னாள்: "அழுது என்ன ஆகப் போகுது? எழுதினதை மாத்தி எழுதிக் குடு."

ஏப்ரல் 15, செவ்வாய்

அரை நாள் லீவு. ஆலோசகர் அலுவலகம். ஏழாவது கேள்விக்கு முழு பதில் எழுதிக் கொடுத்தேன். மறந்தது, ஞாபகம் வந்தது, ஓடியது, அதற்குப் பிறகு எப்போதும் ஒரு வேளை மாத்திரை கைப்பையில் இருப்பது, எல்லாம். எதற்காக முதலில் பாதி எழுதினேன் என்பதையும் எழுதினேன். அதுதான் கஷ்டமாக இருந்தது. நான்கு வார்த்தை: 'குழந்தையைப் பிரிய மனம் வரவில்லை.'

ஆலோசகர் இரண்டு காகிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எதை நம்புவது என்று கேட்டார். இரண்டும் என் கையெழுத்துதான், முதலாவது பாதியில் நின்றது என்றேன். தானே தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதாகச் சொன்னார். என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருக்கலாம்.

ஏப்ரல் 16, புதன்

உதயம் 6.07. இருபத்தாறு நாளுக்குப் பிறகு. குண்டத்தின் மூலையில் சாம்பல் கல்லாகியிருந்தது, சுரண்டிக் கழுவித் துடைத்தேன். வரட்டி நன்றாகக் காய்ந்திருந்ததால் ஒரே குச்சியில் பற்றியது. இரண்டு சிட்டிகை. இது என்னுடையதல்ல. இது என்னுடையதல்ல. ஆறு வருஷமாக அரிசியைப் பற்றித்தான் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

தணியும் வரை உட்கார்ந்தேன். எதையும் கேட்கவில்லை. பெரிய அமைதி எதுவும் வரவில்லை. கால் மரத்துப்போனது.

ஏப்ரல் 30, புதன்

இரு வேளையும் ஏற்றினேன். மாலையில் மழைச்சாரல், குடையைப் பிடித்துக்கொண்டு பொடிசு காவல் நின்றாள்.

மே 9, வெள்ளி

அனுமதி வந்துவிட்டது. பொடிசிடம் தங்கச்சியே போனில் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். கேட்டுவிட்டு 'ம்' என்றாள். என் பக்கம் பார்க்காமல் அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு குதித்தது எனக்குக் கேட்டது.

மே 25, ஞாயிறு

மூன்று பை, ஒரு அட்டைப்பெட்டி. உடைகள், புத்தகங்கள், நான் லேப்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பிளாஸ்டர் பல்வரிசை ஒன்று. அதை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றாள். பொடிசின் இருமல் எந்த மாதிரி, எதற்கு எந்த மருந்து, கணக்கில் எங்கே தடுக்கி விழுவாள் என்று நான் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். முன்னும் பின்னும் நிறைத்து. தங்கச்சி நின்றபடியே முழுவதும் படித்தாள். பாதி தெரியும் என்றாள். மீதிப் பாதிக்கு நன்றி என்றாள்.

அங்கேயும் ஒரு சின்னக் குண்டம் வாங்கி வைத்தால் என்ன என்று கேட்டேன். "வேணாம்க்கா. புகை எனக்கு ஒத்துக்காது. எனக்கு மாத்திரை, உனக்கு தீ. அவங்கவங்க மருந்து அவங்கவங்களுக்கு." மூன்று பேரும் சிரித்தோம். ஆட்டோ வந்துவிட்டது.

பொடிசு ஏறிய பிறகு இறங்கி வந்து இன்னொரு முறை கட்டிக்கொண்டாள். போனாள்.

மே 26, திங்கள்

உதயம் 5.52. புகை உள்ளே போகாமல் இருக்க அறைக் கதவைச் சாத்தினேன். சாத்திய பிறகுதான் உறைத்தது, உள்ளே யாரும் தூங்கவில்லை.

மே 29, வியாழன்

பீங்கான்காரரிடம் சொன்னேன். முழுவதும். பீங்கான் சுடும் அடுப்பில் வைத்த பல்லை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், சாயங்காலம் நேரே வீட்டுக்குப் போக வேண்டாம், தன் வீட்டில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம், தன் மனைவி நன்றாகப் பேசுவாள் என்றார். அஸ்தமனத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிப் போனேன். திரும்பினேன். அவர் மனைவி உண்மையிலேயே நிறையப் பேசுகிறார்.

ஜூன் 6, வெள்ளி

இருவேளையும். வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குப் போனேன். பொடிசு கொஞ்சம் வாடித் தெரிந்தாள். கேட்டால், செவ்வாயன்று காய்ச்சலாம். நூற்று மூன்று வரை போய், இரண்டு நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்து, வெள்ளியன்று சரியாகிவிட்டதாம். எனக்கு ஏன்டி சொல்லவில்லை என்று தங்கச்சியைக் கேட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்ததாகவும், அதற்குள் காய்ச்சல் இறங்கிவிட்டதாகவும் சொன்னாள். "சமாளிச்சிட்டேன்க்கா" என்றாள்.

இரண்டு நாள் லீவு போட்டிருக்கிறாள். மருந்து கொடுத்த நேரங்களைக் காலண்டர் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறாள், தன் மாத்திரை நேரத்துக்குப் பக்கத்திலேயே. பார்த்தேன். ஒன்றும் விட்டுப்போகவில்லை.

மூன்று பேரும் சாப்பிட்டோம். பொடிசு பக்கத்து வீட்டுப் பூனையின் கதையை ஆரம்பித்து முடிக்கவே இல்லை. மூன்று மணிக்குக் கிளம்பினேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததுதான் ஞாபகம். என் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகு கண்டக்டர் எழுப்பினார். நன்றாகத் தூங்கியிருக்கிறேன், பொடிசு போனதிலிருந்து முதல் முறையாக. இறங்கி நடந்தே வந்தேன்.