இடது ஐந்து, வலது இரண்டு

உன் கொக்கி ஸ்பேனர் இப்போது என் கடைப் பலகையின்மேல் கிடக்கிறது. கைப்பிடியில் நீ சுற்றிய சிவப்பு டேப் அப்படியே இருக்கிறது. கிரீஸ் ஏறிக் கறுத்துப்போய், உன் கட்டைவிரல் படும் இடம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறது. பதினோரு வருடம் கழித்து அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன். பழைய கிரீஸ், பீடி, உன் கை வியர்வை. செத்தவன் வாசனையாகத் தெரியவில்லை. பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போயிருக்கிறாய் என்றுதான் தோன்றியது. அதனால் உன்னிடம் பேச வேண்டியிருக்கிறது.

நான் சொல்கிறேன், மருமகள் எழுதுகிறாள். கம்பெனியில் அவளுக்கு இன்று வார விடுப்பு. முதலில் உன்னை "நீங்கள்" என்று போட்டாள். போய்ச் சேர்ந்தவருக்கு மரியாதையாம். அதை அடித்துவிட்டு "நீ" என்று போடச் சொன்னேன்.

"மாமா, போனவங்கள திட்டி எழுதக் கூடாது," என்றாள்.

"நீ எழுதும்மா. பாவம் வந்தா எனக்கு வரட்டும்," என்றேன்.

ஒரகடத்தில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பிய காலத்தில் நாம் இருவரும் ஒரே தகர ஷெட்டில் தொழில் செய்தோம். நீ மெக்கானிக், எல்லாருக்கும் மேஸ்திரி. டயர், பஞ்சர், காற்று என் வேலை. ஷிப்டு விட்டதும் வண்டிகள் ரோடு வரைக்கும் நிற்கும். நீ ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை இன்ஜின்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கண்ணை மூடுவாய். எது தட்டுகிறது என்று சொல்லிவிடுவாய். தப்பாது. "வண்டி பொய் சொல்லாது. ஓட்றவன்தான் சொல்லுவான்," என்பாய். அந்தப் பேச்சை உன்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். இன்று உனக்கே திருப்பித் தருகிறேன்.

கை அவ்வளவு சுத்தமான உனக்கு ஒரு சோம்பேறித்தனம் இருந்தது. பின்பக்கத்து ஷாக் அப்சார்பரை இறுக்க, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் திருப்ப வேண்டும். மொத்தம் ஐந்து படி. இரண்டு பக்கமும் ஒரே படியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு காலில் செருப்பும் மறுகாலில் பூட்சும் போட்டவன்போல வண்டி நடக்கும். நேர் ரோட்டில் தெரியாது, வளைவில் தெரியும். நீ சைடு ஸ்டாண்டில் சாய்த்தபடியே இடது பக்கத்தைத் திருப்புவாய். வலது பக்கம் சைலன்ஸர் சுடும். "ஆறட்டும்பா" என்று டீக்குப் போய்விடுவாய். வருவதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும். பாதி நாள் அந்த வலது பக்கத்தை நான்தான் போய்த் திருப்பினேன்.

"பாரு, பொண்டாட்டி மாரி பின்னாடியே வந்து சரி பண்ணிகினு கீறான்," என்று வந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாய். நானும் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

அந்தத் திருநெல்வேலிக்காரன் வந்த நாள் நினைவிருக்கிறதா? கான்ட்ராக்ட் வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. பழைய வண்டி ஒன்று வாங்கியிருந்தான்.

"அண்ணாச்சி, நேரா போனா நல்லாத்தான் போவுது. வளைவுல சாய்க்கவே பயமா இருக்கு. சாயவே மாட்டேங்கு, அப்புறம் திடீர்னு விழுந்த மாதிரி சாயுது," என்றான்.

டயரைத் தடவிப் பார்த்தேன். நம் ரோடு பூராவும் நேர் ரோடு. இங்கே ஓடும் டயர் நடுவில் மட்டும் தேய்ந்து பலகை மாதிரி தட்டையாகிவிடும். சாய்க்கும்போது அந்தப் பலகையின் விளிம்பு ஏறி இறங்கும். பின்னால் புது டயர் போட்டேன். முன்னால் இருபத்தைந்து, பின்னால் இருபத்தெட்டு என்று காற்று வைத்தேன். ஸ்பிரிங் தொளதொளவென்று இரண்டாம் படியில் கிடந்தது. இரண்டு பக்கமும் ஏற்றும்படி உன்னிடம் சொல்லிவிட்டு, டியூப் வாங்கப் படப்பைக்குப் பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை வல்லம் வடகால் வளைவில் அவன் விழுந்தான். முழங்கால் சில்லு உடைந்தது. காலை ஊன்றி நிற்க முடியாதவனுக்கு லைனில் என்ன வேலை? கம்பெனி அவனை வேண்டாம் என்றது.

வண்டியை நம் ஷெட்டுக்குத்தான் இழுத்து வந்தார்கள். யாரும் பார்க்காதபோது இரண்டு பக்கமும் விரலை விட்டுப் படியை எண்ணினேன். இடது ஐந்து. வலது இரண்டு. உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்பேனரை எடுத்தாய். என் கண் முன்னாலேயே வலது பக்கத்தைத் திருப்பினாய். மூன்று, நான்கு, ஐந்து. அன்றைக்கு மட்டும் சைலன்ஸர் சுடவில்லை.

"இப்ப போயி சொல்லு, யார் நம்புவான்னு பாக்கலாம்," என்றாய்.

அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம் டீக்கடையில் கூட்டம். அவன் காலில் கட்டுப் போட்டு, நண்பன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தான். யார் மேல் தப்பு என்று கேட்டான். நீ கிளாஸைக் கீழே வைக்காமலே சொன்னாய்.

"நான் இன்னாபா செய்ய? காத்து வெச்சவன் கைநாட்டு. மீட்டர்ல முள்ளு எங்க நிக்குதுன்னு அவனுக்கு இன்னா தெரியும்?"

கூட்டம் சிரித்தது. நான் உண்மையைச் சொன்னேன். மறுபடியும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தரையில் துப்பினான். கைநாட்டு என்பது பொய் இல்லை. ரேஷன் கடையிலும் பேங்கிலும் கட்டைவிரல்தான் என் கையெழுத்து. ஆனால் முள் எங்கே நிற்க வேண்டும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அந்த ரோட்டில் எவன் இருந்தான்? அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாய்.

அதன்பிறகு என்னிடம் யாரும் டயரைக் கொடுக்கவில்லை. படப்பை ரோட்டோரம் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தேன். அந்தப் பேச்சு அங்கேயும் வந்தது. "அந்தக் கைநாட்டுக் கடையா" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனார்கள். அவனும் ஷேர் ஆட்டோ ஓட்ட வந்து, என் கடைக்கு எதிரிலேயே ஸ்டாண்டு போட்டான். பதினோரு வருடம் தினமும் என் முகத்தில் விழித்தான். ஒருநாளும் என்னிடம் காற்றடிக்கவில்லை. டயர் தரையில் படிந்திருந்தாலும் அடுத்த கடை வரை உருட்டிக்கொண்டு போவான்.

நீ செத்த அன்று வந்தேன். மாலை கொண்டுவரவில்லை. உன் வாயைப் பார்த்தேன். என்றைக்காவது ஒருநாள் அது அதே டீக்கடை வாசலில் திறந்து உள்ளதைச் சொல்லும் என்று காத்திருந்தேன். தாடையைத் துணியால் கட்டி வைத்திருந்தார்கள். என்னைப் பிடித்து அழ வந்த உன் தம்பியிடம், "அழ வர்ல, பாக்க வந்தேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

போன வாரம் உன் பெண் வந்தாள். உன் வண்டியில்தான் வந்தாள். பார்ட்ஸ் கம்பெனியில் காலை ஷிப்டாம். தினமும் வல்லம் வளைவு வழியாகத்தான் போக வேண்டும்.

"பெரியப்பா, வண்டி வலது பக்கம் ஒரு மாதிரி சாயுது, இடது பக்கம் ஒரு மாதிரி சாயுது. நேத்து வளைவுல லாரி முன்னாடி போயிட்டேன். அப்பா ஸ்பேனர் டூல் பாக்ஸ்லயே இருந்துச்சு, எடுத்துகினு வந்தேன்," என்றாள்.

குனிந்து விரலை விட்டேன். இடது நான்கு. வலது ஒன்று.

மேஸ்திரி, உன் சொந்த வண்டியில்கூட வலது பக்கத்துக்கு நீ போகவில்லை.

ஒரு நிமிடம் ஸ்பேனரைக் கீழே வைத்தேன். உன்னிடம் மறைக்கப் போவதில்லை. "ஒண்ணும் இல்லம்மா, போ" என்று சொல்லலாமா என்று நினைத்தேன். நான் எதுவும் செய்ய வேண்டாம். உன் கை வைத்த அந்தப் படியே உன் பெண்ணை அந்த வளைவில் தள்ளும். அவன் விழுந்த அதே மண்ணில் விழட்டும் என்று நினைத்தேன். மருமகள் எழுதாமல் நிமிர்ந்து பார்க்கிறாள். எழுதும்மா.

பிறகு யோசித்தேன். அவள் விழுந்தால் ஊர் என்ன சொல்லும்? "டயர் கடைக்குப் போய் வந்த மறுநாள் விழுந்தாள்" என்று சொல்லும். நீ செத்த பிறகும் உன் பொய்தான் ஜெயிக்கும். அதை நான் விடுவேனா? உன்மேல் இருக்கிற ஆத்திரம்தான் உன் பெண்ணைக் காப்பாற்றியது. இரக்கம் என்று நினைத்துக்கொள்ளாதே.

எதிரே ஆட்டோவில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டேன். வர மாட்டான் என்று நினைத்தேன். என்ன தோன்றியதோ, காலை இழுத்துக்கொண்டு வந்தான். உன் பெண்ணைக் குனிந்து எண்ணச் சொன்னேன். வாய் விட்டு எண்ணினாள்.

"இந்தப் பக்கம் நாலு. இந்தப் பக்கம் ஒண்ணு."

"யார் வெச்சதும்மா?"

"அப்பாதான். இந்த வண்டிமேல வேற யாரையும் கை வைக்க வுடமாட்டாரே. அவர் போனதுக்கு அப்புறம் இப்பதான் ஒரு கடைக்கு வருது."

"ஒரு பக்கம் மட்டும் ஏத்தினா வளைவுல வண்டி எப்டிம்மா போவும்?"

"அதான் சொல்றேனே பெரியப்பா, பயமா கீது."

அவனைப் பார்த்தேன். "ஒன் வண்டியில அஞ்சு, ரெண்டு. நான் பாத்தேன். சொன்னப்ப எல்லாரும் சிரிச்சாங்க, நீ துப்புன," என்றேன்.

அவன் குனிந்து தன் விரலையும் விட்டு அந்த வளையத்தின் படியை எண்ணினான். பிறகு, "பதினோரு வருசமா உங்களையில்லா வைதுகிட்டு இருந்தேன், அண்ணாச்சி," என்றான்.

உன் பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோய், "அப்பாதான் செத்துட்டாரே. இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டாள்.

"செத்தது அவன்தானம்மா. அவன் பேச்சு இன்னும் சாவலியே."

நான் ஆறுதல் சொல்லவில்லை. வேலையைச் செய்தேன். அவள் ஒல்லியான உடம்பு. உட்காரச் சொல்லி, பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்று விரலால் அளந்தேன். இரண்டு பக்கமும் இரண்டாம் படி போதும். வலது பக்கத்தை முதலில் திருப்பினேன். சைலன்ஸர் சுட்டது, சுடட்டும் என்று திருப்பினேன். பலகையாகிப்போன பின் டயரைக் கழற்றிப் புதுசு போட்டேன். காற்று வைத்துவிட்டு மீட்டரை அவள் கையில் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னேன். இருபத்தைந்து. இருபத்தெட்டு. எதிரே ஆட்டோக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

"புது டயர் வழுக்கும். ரெண்டு மூணு நாள் மெதுவா சாய். அப்புறம் தானா நம்பிக்கை வரும்," என்று சொல்லி அனுப்பினேன். நேற்று இந்த வழியாக வந்தவள் வண்டியை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. ஆனால் படப்பை முனையில் திரும்பியதைப் பார்த்தேன். வண்டியும் அவளும் ஒரே உடம்பாகச் சாய்ந்து எழுந்தார்கள். என்மேல் கோபம் இருக்கிறது. இருக்கட்டும். முழுசாக உயிரோடு இருந்து கோபப்படட்டும்.

அன்று அவள் கிளம்பிய பிறகு திருநெல்வேலிக்காரன் ஆட்டோவை ரிவர்ஸில் எடுத்து என் கடை முன்னால் நிறுத்தினான். இறங்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. "காத்து பாருங்க," என்றான். மூன்று டயருக்கும் பார்த்தேன். முள் சரியாக நின்றது.

ஸ்பேனரை அவள் விட்டுவிட்டுப் போனாள். வேண்டுமென்றே விட்டாளோ என்னவோ. திருப்பிக் கொடுக்க மாட்டேன். ஓட்டை போட்டுக் கயிறு கட்டிக் கடை வாசலில் தொங்கவிடப் போகிறேன். காற்றடிக்க வருகிறவன் எவனாவது "இது இன்னாது பெருசு?" என்று கேட்பான். கேட்கிறவனுக்கெல்லாம் சொல்வேன். அவசரமாக ஷிப்டுக்குப் போகிறவனையும் நிறுத்திச் சொல்வேன். உன் பேரையும் சொல்வேன்.

மருமகள் இதை மடித்து உன் வீட்டில் மாட்டியிருக்கும் உன் படத்துக்குப் பின்னால் வைக்கலாமா என்று கேட்கிறாள். எங்கேயாவது வைக்கட்டும், தொலைந்தாலும் பரவாயில்லை. எழுத்தை நம்பி நான் எதையும் வைத்துக்கொண்டவன் இல்லை. இடது ஐந்து, வலது இரண்டு. இடது நான்கு, வலது ஒன்று. நானும் ஒருநாள் நீ போன இடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும். வரும்போது இந்த நான்கு எண்களையும் கொண்டு வருகிறேன். அங்கேயும் ஒரு டீக்கடை இருக்கும், வாசலில் நாலு பேர் நிற்பார்கள். அதுவரைக்கும் உன் வாய் மூடியே இருக்கட்டும்.