மயிலிறகுத் தக்கை

அம்மணி பொற்கொடிக்கு,

துபாய்க் கடலின் மாமன்னன் ஆறுச்சாமி எழுதுவது. நான் சௌக்கியம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

முதலாளி எங்கள் பாஸ்போர்ட்டுகளோடு உலகச் சுற்றுலா போய்விட்டார். கம்பெனி பூட்டிக் கிடக்கிறது. அதனால் கடல் பாலத்தில் தூண்டில் போடுகிறோம். நேற்று தலைமுடி கனத்துத் தூண்டில் நரம்பில் இரைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் மீனைக் கட்டி எறிந்தேன். திமிங்கலத்தின் தம்பி ஒன்று கவ்வி இழுத்ததில் தாராபுரத்தில் அமராவதி ஆறே தளும்பியிருக்கும். நரம்பு அறுந்துவிட்டது.

"நம்மளாட்டமே பொய் மீனை நம்பி வாயைக் குடுத்துப்போட்டுதுங்கண்ணா" என்றான், கூட வேலை பார்த்த கோயமுத்தூர் யூனுஸ்.

அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரை நீயே சபையில் வைத்துவிடு.

பொய் மீன் போனதால் இனித் தக்கைத் தூண்டில்தான். நம் தோட்டத்தில் மயில் உதிர்த்த இறகில் இரண்டு தண்டு நறுக்கி, நரம்பில் மிதக்கவிடும் தக்கைக்கு அனுப்பு.

யூனுஸ் தபால் போடக் கிளம்பிவிட்டான். இரண்டு போதாது அம்மணி, ஒரு கட்டாகவே அனுப்பிவிடு.

உன்,
ஆறுச்சாமி