எதிர் ரயிலில் ஒரு ஸ்டேஷன்

அக்கா,

நீங்கள் போய்விட்டீர்கள் என்று கேட்டதும், மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு தாம்பரத்துக்கு ரயிலேறினேன். குரோம்பேட்டை தாண்டியதும், "அடுத்த நிலையம் தாம்பரம் சானடோரியம்" என்றது ஒலிபெருக்கி. எதிரே இருந்த கல்லூரிப் பெண் பாட்டுக் கேட்டபடியே எழுந்து வாசலுக்குப் போனாள். என் கை மட்டும் தானாகப் புடவைத் தலைப்பைத் தேடியது.

நாம் வேலைக்குப் போய்வந்த அறுபதுகளில் அது சின்ன ஸ்டேஷன். காசநோய் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்காகவே கட்டியது என்பார்கள். பழமும் பிளாஸ்க்குமாக இரண்டொருவர் இறங்குவார்கள். வண்டி நின்றதும் லேடீஸ் பெட்டியில் எல்லோரும் தலைப்பால் மூக்கை மூடிக்கொள்வார்கள். கிளம்பியதும் பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

என் கணவரை அங்கே சேர்த்த பிறகும் நான் மூக்கை மூடினேன். ஆபீசில் தெரிந்தால், குடியிருக்கும் வீட்டில் தெரிந்தால் என்ற பயம். எல்லோரோடும் தாம்பரத்தில் இறங்குவேன். கூட்டம் கலைந்ததும் எதிர் ரயிலேறி ஒரு ஸ்டேஷன் திரும்பி வந்து அவரைப் பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம், மறந்த குடையைத் தேடி நீங்கள் பிளாட்பாரத்துக்குத் திரும்பி வந்தீர்கள்.

"வீட்டுக்குப் போகாம இங்க என்னடி பண்றே?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீங்கள் ஓர் அடி பின்னால் நகர்ந்தீர்கள். நான் அதைக் கவனித்தது உங்களுக்கும் தெரிந்தது.

"எனக்குக் கைக்குழந்தை இருக்கு. பயமாத்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக்குள்ள வரமாட்டேன்" என்றீர்கள். ரயில் வந்தது. என்னோடு நீங்களும் ஏறினீர்கள். "ஸ்டேஷன்ல உக்காந்திருக்கேன். நீ பாத்துட்டு வா."

மறுநாள் சானடோரியத்தில் வண்டி நின்றதும், பெட்டியே பார்க்க என் கையைப் பிடித்து இறக்கினீர்கள்.

"யாருக்காம்?" என்று உள்ளிருந்து ஒருத்தி கேட்டாள்.

"எங்க சொந்தக்காரருக்கு. இவ எனக்குத் துணைக்கு வர்றா" என்றீர்கள், நான் வாய் திறப்பதற்குள்.

அதற்குப் பிறகு பெட்டியில் உங்களை ஒட்டி யாரும் உட்காரவில்லை. என்னிடம் எப்போதும்போலப் பேசினார்கள். அவர் என் கணவர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

அவர் குணமாகி வந்தார். நாங்கள் வேறு பக்கம் குடிபோனோம். அதன்பின் அந்தக் காலத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

இன்று உங்கள் வீட்டில், உங்களைக் கிடத்தியிருந்த கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவும் நீங்களும் எப்படிப் பழக்கம், ஆண்ட்டி?" என்றாள். அவளிடம்கூட நீங்கள் சொல்லியிருக்கவில்லை. ரயில் சிநேகம் என்று சொன்னால் போதும். ஆனாலும் ஆரம்பித்தேன்: "என் வீட்டுக்காரருக்கு டி.பி. வந்து..." குரல் அடங்கிவிட்டது.

"கேக்கல ஆண்ட்டி" என்று அவள் குனிந்தாள்.

மறுபடியும் சொன்னேன், பக்கத்தில் நின்ற என் மகனுக்கும் கேட்கும்படி.

எல்லாம் கேட்டு முடித்தவன், "அப்பா கடைசி வரைக்கும் சொல்லவே இல்லியேம்மா?" என்றான்.

"அவர் சொல்லணும்னுதான் சொன்னார். நான்தான் விடல."

அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

சொல்லிவிட்டதால் இந்த வெட்கம் குறைந்துவிடவில்லை, அக்கா. நீங்கள் இருந்தவரை அதில் பாதியை நீங்கள் சுமந்தீர்கள். இப்போது முழுவதும் என்னிடமே இருக்கிறது.