தொண்ணூற்றாறு ஜாயின்ட்

ஜூன் 3, செவ்வாய்

நான் போட்ட வெல்டு ஆஞ்சலா அக்காவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்திருக்கிறது. ஆள் இல்லை, வெல்டு மட்டும். ஷெட் முதலாளியே போடுகிறார் என்றால் சும்மாவா? அம்மாவிடம் காட்டினேன். இரண்டு தரம் பார்த்துவிட்டு, "இதுல நீ எங்கடி இருக்கே?" என்றாள்.

பதிமூன்று வருஷம் கார்மெண்ட்ஸில் காலர் தைத்த கை. கோடு தானாக நேராகப் போகிறது. ஆனால் முதல் வாரம் மெல்லிசான ஸ்கொயர் பைப்பில் நான் போட்ட ஓட்டைகளைப் பார்த்து லிங்கராஜபுரம் ஷெட்டே சிரித்தது. வெல்டர் முகேஷ் ஒரு ஓட்டையில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினான். என்னைவிட ஒன்பது வயசு சின்னவன். அன்றைக்கே மிஷினில் வோல்டேஜைக் குறைத்தேன், உருகி ஒட்டுகிற வயர் வரும் வேகத்தையும் குறைத்தேன். அதன் பிறகு ஓட்டையே இல்லை. தையல் மிஷினிலும் இப்படித்தான், நிதானமாகப் போனால் அழகாக வரும்.

ஜூன் முப்பதோடு மூன்று மாத டிரயல் முடிகிறது. தேறினால் வெல்டர். இல்லாவிட்டால் கிரைண்டிங் பக்கம் உட்கார்ந்து மற்றவர்கள் போட்டதைத் தேய்க்க வேண்டும். எனக்கு வெல்டர்தான் ஆக வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

பன்னிரண்டு டபுள் டெக்கர் கட்டில் வண்டி ஏறியது. ஒக்கலிபுரத்தில் சுஹாஸ் என்பவர் நடத்தும் லேடீஸ் பி.ஜி.க்கு. கட்டில் கால்கள் எல்லாம் முகேஷ் வேலை. மெத்தையைத் தாங்கும் நீளப் பைப்புகளை ரெயில் என்கிறோம், அவை முழுக்க நான். ஒவ்வொரு ரெயிலின் முனையிலும் ஒரு தடித்த பிளேட்டை வெல்டு பண்ண வேண்டும். அந்தப் பிளேட்டைத்தான் கட்டில் காலோடு போல்ட் போட்டு இறுக்குவார்கள். கட்டிலுக்கு நாலு ரெயில், ரெயிலுக்கு இரண்டு முனை. தொண்ணூற்றாறு ஜாயின்ட்.

சுஹாஸ் ஒன்றைத் தடவிப் பார்த்து, "சக்கத்தாகிதே மேடம்" என்றார். பிரமாதமாம். முகத்தைச் சும்மா வைத்துக்கொண்டேன். உள்ளே சும்மா இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

மழை. துணி காயவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

அந்தக் கட்டில்களுக்காகச் செய்ததில் ஒரு ரெயில் ஒரு இஞ்ச் நீளமாகப் போய், மிச்சமாகக் கிடந்தது. பிளேட்டையாவது எடுத்துக்கொள்ளலாம் என்றான் முகேஷ். வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று நான் கட்டிங் வீல் கொண்டுவரப் போனேன். திரும்பி வருவதற்குள் சும்மா இருக்க முடியாமல் சுத்தியலால் ஒரு தட்டு தட்டியிருக்கிறான். பிளேட் தரையில் கிடந்தது.

ஒரே தட்டு.

வெல்டு முழுசாகப் பைப்பிலேயே இருந்தது, அழகு கொஞ்சமும் குலையாமல். பிளேட்டில் ஒன்றுமில்லை. ஸ்டிக்கர் பொட்டை எடுத்த நெற்றி மாதிரி ஒரு தடம் மட்டும். அது ஒட்டவே இல்லை. மேலே உட்கார்ந்திருந்திருக்கிறது.

முகேஷ் சிரிக்கவில்லை. "பிளேட்டுக்கு சூடே போகலையேக்கா. பைப்பு ஓட்டையாகும்னு எல்லாத்தையும் கொறைச்சு வெச்சிருக்கே." பிளேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பி.ஜி.க்குப் போனதும் இதே செட்டிங்தானா?" என்றான்.

இதே செட்டிங்தான்.

ஜூன் 11, புதன்

அக்காவிடம் சொல்லவில்லை. முகேஷும் சொல்லவில்லை. "நாலு பக்கமும் சுத்திப் போட்டிருக்கே, எல்லாமா விட்டுடும்? பெயிண்டும் அடிச்சாச்சு" என்கிறான். என் ரெயில்களைப் பார்த்து ஓகே சொன்னவன் அவன்தான். பார்த்துத்தான் சொன்னான், தட்டிப் பார்த்துச் சொல்லவில்லை.

சொன்னால் முப்பதாம் தேதி எனக்குக் கிடையாது. மூன்று மாதமும் போச்சு.

மேல யாரோ ஒருத்தி படுத்திருப்பா. கீழேயும் ஒருத்தி படுத்திருப்பா. விட்டா அவ மேலதானே விழும்? அடியே வீணா, என்ன பண்றே நீ — சோத்தைத் தின்னுட்டு நோட்டுல எழுதிட்டு உக்காந்திருக்கே.

ஜூன் 12, வியாழன்

பதினோரு மணிக்கு ஆஞ்சலா அக்காவுக்கு சுஹாஸ் போன் செய்தார். ஒரு மேல் கட்டிலில் புரண்டு படுத்தால் சத்தம் வருகிறதாம். போல்ட் லூஸாக இருக்கும், ஸ்பேனர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள் என்று அக்கா கன்னடத்தில் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெல்டிங் டார்ச்சைக் கீழே வைத்தேன். "போல்ட் இல்லக்கா. என் வெல்டு."

விழுந்த பிளேட்டைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்தேன். கட்டைவிரலால் அந்தத் தடத்தைத் தேய்த்துப் பார்த்தார். போன் இன்னும் காதில்தான் இருந்தது. மேலேயும் யாரும் படுக்க வேண்டாம், கீழேயும் வேண்டாம், இன்றைக்கே மெத்தைகளைத் தரையில் போடச் சொல்லுங்கள் என்றார். சுஹாஸ் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"எப்பத் தெரியும்?" என்றார் என்னிடம்.

"முந்தாநாள்."

வெல்டு விட்டதற்கு அவர் முகம் மாறவில்லை. முந்தாநாள் என்றதற்கு மாறியது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மதியமே என் டார்ச் முகேஷ் பக்கம் போய்விட்டது. எனக்குக் கிரைண்டர்.

ஜூன் 14, சனி

நாற்பத்தெட்டு ரெயிலையும் கழற்றி கூட்ஸ் ஆட்டோவில் கொண்டுவந்தோம். அக்கா சுத்தியலை என் கையில் கொடுத்து, "நீயே அடி" என்றார். முனைக்கு மூன்று அடி. விட்டதற்கெல்லாம் முகேஷ் சாக்பீஸில் கோடு போட்டான்.

ஒரு ரெயிலின் நடுவில் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஏழு பூச்சி. பக்கத்தில் மார்க்கரில் 'அம்ருதா'. அதற்கு மூன்று அடி தேவைப்படவில்லை. இரண்டு முனையும் முதல் அடியிலேயே விட்டது.

மொத்தம் முப்பத்தொன்று. நின்றதையும் நம்ப முடியாது, எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டும்.

பாத்ரூம்ல போய் அழுதேன். ஒண்ணும் ஆகலையே, ஒண்ணும் ஆகலையேன்னு எத்தனை தரம் சொல்லிக்கறது.

ஜூன் 17, செவ்வாய்

என் பழைய வெல்டை நான் தேய்த்து எடுக்கிறேன், முகேஷ் திரும்பப் போடுகிறான். அவன் அவசரத்தில் போடுகிறான், கட்டிகட்டியாக வருகிறது, ஆனால் விடாது.

சாப்பாட்டு நேரத்தில் கழிவுத் துண்டுகளில் போட்டுப் பார்த்தேன். பிளேட்டின் கருப்புத் தோலை முதலில் தேய்த்து எடுக்க வேண்டும். சூட்டைத் தடித்த பிளேட் மேல் காட்டினால் உருகியது தானாகப் பைப்புக்கு வருகிறது. நான் இத்தனை நாளும் பைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது பொத்துக்கொள்ளுமோ என்கிற பயத்தில்.

வோல்டேஜ் ஏற்றினேன். ஓட்டை ஐந்து. முகேஷ் விரலை விடவில்லை.

ஜூன் 19, வியாழன்

ஓட்டை இரண்டு. பார்க்க அசிங்கம். ஆறு அடி தாங்கியது.

ஜூன் 21, சனி

பி.ஜி.க்குப் போய்க் கட்டில்களை மாட்டினோம். சுஹாஸ் என் பக்கமே திரும்பவில்லை. நியாயம்தான்.

அம்ருதா ஓசூர்ப் பெண். இருபது, இருபத்தொன்று இருக்கும். ஒன்பது நாள் தரையில் படுத்த கடுப்பு முகத்தில் தெரிந்தது. மூலையைத் தடவிப் பார்த்து, "முன்னாடி நீட்டா இருந்துச்சு ஆன்ட்டி. இப்ப ஏன் இப்படி கட்டிகட்டியா இருக்கு?" என்றாள். முகேஷ் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"இதுதாம்மா நல்லது" என்றேன்.

போனோடு மேலே ஏறிப் படுத்தாள். நான் போய்க் கீழ்க் கட்டிலில் உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. மேலே அவள் இந்தப் பக்கம் புரண்டாள், அந்தப் பக்கம் புரண்டாள், எழுந்து உட்கார்ந்து யாருடனோ போனில் சண்டை போட்டாள். சத்தம் அவளுடையது மட்டும்தான். முகேஷ் ஸ்பேனர்களைப் பையில் போட்டு, "போலாமாக்கா?" என்று கேட்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

ஓட்டை இல்லை. இரண்டு நாளாக.

ஜூன் 30, திங்கள்

டிரயல் கடைசி நாள். நேராகக் கிரைண்டர் பக்கம் போனேன். ஆஞ்சலா அக்கா கூப்பிட்டு ஒரு பைப்பையும் ஒரு பிளேட்டையும் நீட்டினார். முகேஷ் என் டார்ச்சை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தான்.

போட்டேன். நேராக வரவில்லை, ஓரமெல்லாம் தெறிப்பு. ஸ்டேட்டஸில் போடும்படி இல்லை. அக்கா அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சுத்தியலைக் கொடுத்தார்.

எட்டு அடி. பிளேட் வளைந்தது, பிரியவில்லை. ஒன்பதாவதையும் பத்தாவதையும் அவரே வாங்கி அடித்தார். நல்ல பலம்.

"தினம் நீ போடற மொத வெல்டு சுத்தியலுக்கு" என்றார். "டீ குடிச்சிட்டு வந்து வெல்டிங்கை ஆரம்பி."

டீ குடிக்கப் போகவில்லை. நேராக டார்ச்சை எடுத்தேன்.