டோபினுக்கு நான் போட்ட எண்பது

ஜூலை 9

இதில் எழுதப்போவதை எந்த நீதிமன்றமும் நம்பாது. என் மனைவி நிச்சயமாக நம்பமாட்டாள். ஆனாலும் சத்தியம் செய்கிறேன்: ஹார்லன் ப்ரூயிட்டை அழவைக்காமல் சாகமாட்டேன்.

பதினோரு வருடங்களுக்கு முன், நெப்ராஸ்காவின் சோளக்காட்டு மைதானத்தில், கேல் ரெனிக் அடித்த பந்து மூன்று மாவட்டம் தாண்டி விழுந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நான்; புது ஆட்டக்காரர்களைத் தேடி மதிப்பிடுவது என் தொழில். என் அறிக்கையில் தன் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு என்னை வேலையைவிட்டு அனுப்பியவன் அன்று என் மேலதிகாரியாக இருந்த ப்ரூயிட். இன்று ரெனிக் பேஸ்பால் பேரரசன். ப்ரூயிட்டின் அணியில்.

ஜூலை 14

ரெனிக்கைத் தர ப்ரூயிட் தயாராம். பதிலுக்கு எங்கள் இளம் பந்து எறிபவர்கள் மூவர் வேண்டுமாம். எங்கள் அணியில் முடிவெடுப்பவள் என் அக்கா மகள் மொரீன்.

"ரெனிக் ரெண்டு வருஷத்துல போயிடுவான் மாமா. இந்தப் பசங்க எட்டு வருஷம் அணியைத் தாங்குவாங்க. கட்டினதை இடிக்கச் சொல்றீங்களா?"

இடிக்கத்தான் சொல்கிறேன்!

ஜூலை 17

மூவர் எதற்கு? ஓர் உதவாக்கரையைத் தள்ளிவிட்டால்?

எங்கள் தொழிலில் மதிப்பெண் இருபதில் தொடங்கி எண்பதில் முடியும். எண்பது வாழ்நாளில் ஒருமுறை போடுவது. பக்கத்து ஆளின் நோட்டை எட்டிப் பார்ப்பதும் தொழில்தான். எங்கள் அணியின் ஓட்டிஸ் டோபின் எறியும் பந்து வழியில் காப்பி குடித்துவிட்டுத்தான் வந்து சேரும். அவன் எறியும் ஐந்து வகைப் பந்துக்கும் தலா எண்பது போட்டு, நோட்டைத் திறந்துவைத்துவிட்டு ஹாட் டாக் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது ப்ரூயிட்டின் ஆளுக்குக் கழுத்து நாலு அடி நீண்டிருந்தது.

ஜூலை 22

விழுந்தான்! "ரெனிக்குக்கு டோபின் ஒருத்தன் போதும்" என்று ப்ரூயிட்டே மொரீனுக்குப் போன் செய்தான்.

ஜூலை 23

மறுத்துவிட்டாள்.

"ப்ரூயிட் ஏன் இவனையே கேக்குறான்னு உங்க நோட்டைப் படிச்சேன் மாமா. எண்பது! முப்பது வருஷத்துல யாருக்காவது போட்டிருக்கீங்களா? இவனைப் போய் விடுவேனா?"

பொய்னு சொல்லியிருக்கலாம்... சொன்னா இனிமே என் அறிக்கையில ஒரு வரி நம்புவாளா? கிழட்டு மடையா!

ஜூலை 31

ஆள் மாற்றும் கெடு முடிந்தது. ரெனிக் அங்கே. டோபின் இங்கே.

செப்டம்பர் 28

கடைசி ஆட்டம்; தோற்றால் வீடு. எறிய ஆளில்லாமல் டோபினை இறக்கினார்கள். எதிரே ரெனிக். மூன்றே மெதுபந்துகள். மூன்று முறையும் பந்து வருவதற்குள் மட்டையைச் சுழற்றிவிட்டான் ரெனிக்; மூன்று தவறினால் அவுட், ஆட்டம் எங்களுக்கு. அந்தக் காற்றில் கொடிக்கம்பம் சாய்ந்தது. ப்ரூயிட் தன் தொப்பியைத் தின்றுவிட்டான்.

"எண்பதுன்னா எண்பதுதான் மாமா!" என்றாள் மொரீன். நான் அடக்கமாகத் தலையசைத்தேன். ரெனிக் குனிந்த தலையோடு நடந்தபோது மட்டும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று மாவட்டம் பொய். கழுத்து, கொடிக்கம்பம், தொப்பி எல்லாம் பொய். டோபினின் எண்பதுகளில் நாலு பொய். அந்த மெதுபந்துக்குப் போட்ட ஒன்று மட்டும் மெய். போட்டபோது எனக்குத் தெரியாது.