அட்டை ஆட்டத்தின் கடைசிப் பக்கம்

2008 ஒக். 6, திங்கள்

காலையிலிருந்து தூறல். ரிவர்ஸ்டன் பக்கம் மலையே தெரியவில்லை. கணினி அறைக் கூரை மறுபடி ஒழுகல். வாளி வைத்தாயிற்று.

பிள்ளைகள் செய்த கேம்களை நெட்டில் ஏற்றுவதாக வகுப்பில் வாயை விட்டுவிட்டேன்.

"வெளிநாட்டுல இருக்கிறவங்களும் வெளையாடலாமா மிஸ்?" ஜெசிந்தா. அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அந்த வீட்டுப் பையனிடம் கணினி இருக்கிறதாம்.

அவள் செய்தது அட்டை ஆட்டம். கொழுந்து பறிக்கிற பெண்ணின் காலில் இரத்தம் உறிஞ்சும் அட்டை ஏறும். உப்புப் போட்டு விழுத்த வேண்டும். கூடை நிறைந்தால் ஜெயம். ஜெயித்தால் கடைசிப் பக்கம்: "அம்மா, நத்தார் பண்டிகைக்கு வந்திருங்க. திரும்பப் போக வேணாம்."

போனிலேயே சொல்லேன் என்றேன்.

"அப்பா பக்கத்துலயே நிப்பாங்க மிஸ். அம்மா திரும்பிப் போகணும்னுதான் அவங்களுக்கு."

அம்மாவின் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அதற்குள் ஏற்ற வேண்டும்.

ஒக். 11, சனி

மாத்தளை டவுன். சீனி, டோர்ச் பெட்டரி, தலைவலி மாத்திரை. செக்பொயின்டில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். பென் டிரைவில் என்ன என்று ஆமிக்காரன். பிள்ளைகளின் விளையாட்டு என்று சிங்களத்தில் சொன்னேன். ஐ.சி.யில் பெயரைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், விட்டான். பஸ்ஸில் ஏறியதும் பென் டிரைவ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

நெட் கடை நானா: "இந்த லைன்ல இது ஏறுறதுக்குள்ள பள்ளிவாசல்ல பின்னேர அஸர் பாங்கு சொல்லிருவாங்க மிஸ்." சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் ஏறியது. அவருடைய கணினியிலேயே ஆடிப் பார்த்தோம். எல்லாம் சரி. ஜெசிந்தாவுக்குக் கொடுக்க நெட் விலாசத்தை எழுதி வைத்தேன். நானா இரண்டு தரம் அட்டையிடம் தோற்றார். சிரித்தேன். சிரித்து நாளாகிறது.

ஒக். 20, திங்கள்

மழை. ஜெசிந்தா வாசலிலேயே காத்திருந்தாள்.

"அம்மா வெளையாடிட்டாங்க மிஸ்! மேடம் மகன் போட்டுக் காட்டுனானாம். அட்டையப் பாத்துச் சிரிச்சாங்களாம்."

கடைசிப் பக்கம்?

"என்னமோ இங்கிலீசு மாதிரி வந்துச்சாம். அந்தப் பையனுக்கும் வெளங்கலையாம். நான் தமிழ்லதானே மிஸ் எழுதுனேன்?"

 பாமினி! எங்கள் தமிழெல்லாம் பாமினி எழுத்துருவில் தட்டியது. அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான் வரும். ஸ்கூலில் இருக்கிறது, நானாவிடம் இருக்கிறது. குவைத்தில் ஓர் அரபு வீட்டில் எப்படி இருக்கும்? இதுகூடத் தோன்றாமல் நான் ஒரு கணினி டீச்சர்.

திருத்திவிடலாம் என்றேன்.

"அம்மா இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வச்சிட்டாங்க மிஸ்." குரலில் ஒன்றுமில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஒக். 25, சனி

மறுபடி டவுன். கடைசிப் பக்கத்தைப் படமாக்கி ஏற்றினேன். இனி எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும். நானா காசு வாங்கவில்லை. எண்ணிக்கையைப் பார்த்தால் யாரோ முன்பின் தெரியாதவர்களும் ஆடியிருக்கிறார்கள். யாருக்கு வேண்டும்.

ஒக். 28, செவ்வாய்

தீபாவளிக்கு அடுத்த நாள். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஜெசிந்தா வந்திருந்தாள். இப்போது வாசிக்கலாம், அம்மாவை இன்னொரு தரம் ஆடச் சொல் என்றேன்.

"வேணாம் மிஸ். அந்தப் பக்கத்த எடுத்துருங்க. இப்ப வாசிச்சா அங்க தனியா அழுவாங்க."

சனிக்கிழமை போய் எடுக்க வேண்டும். வாங்க வேண்டியது: குளிக்கிற சவர்க்காரம், சீனி.