கையெழுத்துப் போடு, தம்பி

சித்தேரிக்கரை கீழத்தெரு,
திருத்துறைப்பூண்டி தாலுகா,
மாசி, 1970.

அன்புத் தம்பி வீரையனுக்கு அக்காள் அம்சம் எழுதுவது. இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நன்றாயிரு.

உன் கடிதம் கிடைத்தது. வெளிநாட்டு ஆளுக்குச் சிங்கப்பூரில் வேலை பெர்மிட் வேண்டுமானால் மாதச் சம்பளம் இவ்வளவுக்குக் குறையக் கூடாது என்று அந்த சர்க்கார் சட்டம் போட்டிருப்பதாக எழுதியிருந்தாய். முழுச் சம்பளம் வாங்குவதாகக் கையெழுத்துப் போடு, கையில் பாதிதான் தருவேன் என்கிறாராமே உன் பட்டறை முதலாளி. பொய்க்குக் கையெழுத்துப் போட மாட்டேன், பெர்மிட் போனால் போகட்டும், ஊருக்கே வந்துவிடுகிறேன் என்கிறாய். அடேயப்பா, என்ன ரோஷம்! எந்த ஊருக்கடா வருவாய்? இங்கே நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசு.

இங்கேயும் சட்டம் வந்தது. கழக ஆட்சியில் அறுப்புக்கு இவ்வளவு நெல் கூலி என்று கட்டிவைத்தார்கள். பண்ணையார் துரைக்கண்ணு அதிகாரி முன்னால் சரி சரி என்று தலையாட்டினார். களத்துக்கு வந்ததும் பழைய கூலியைத்தான் அளந்து போட்டார். நாங்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டோம். தை கடைசியில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கினார். சேற்றிலும் குளிரிலும் நின்று நட்டது நாம், அறுக்கிறது எவனோ ஒருத்தனா? நான்தான் முதலில் வயலில் இறங்கிக் கத்தினேன்.

பண்ணை அடியாட்கள் கம்போடு வந்தார்கள். நம் தெருவார் மண்வெட்டியோடு பாய்ந்தார்கள். கதிருக்குள் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. எங்களோடு நின்ற ராமாயிக்குத் தாடை கிழிந்து தொங்கியது. நம் தெரு வைரக்கண்ணு, குனிந்து அறுத்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரன் ஒருவன் மண்டையில் மண்வெட்டிக் காம்பால் போட்டான். அந்த ஆள் அறுத்த கதிர்மேலேயே சாய்ந்துவிட்டான். காதிலிருந்து ரத்தம். நான் ஓடிப் போய் வாயில் தண்ணீர் விட்டேன். பெயர் அமிர்தலிங்கம் என்றான். இந்த ஊர்க் கூலி என்னம்மா என்று என்னையே கேட்டான். சொன்னேன். "பண்ணைக் காரியக்காரர் கம்மியா சொல்லி, இதுதான் ஊர்க் கூலின்னாரும்மா. எங்களுக்குத் தெரியாது" என்றான். பாவி, அதற்கப்புறம் அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

உன் மச்சான்தான் அவனைத் தூக்கி, மீரா உசேன் அண்ணனின் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். வாய்க்கால் பாலத்தில் பண்ணை ஆட்கள் மறித்திருக்கிறார்கள். தப்பி வந்த மீரா உசேன் அண்ணன் சொல்லித்தான் தெரியும். "உங்க ஆளுதான்யா உள்ள கிடக்கான், வழிய விடுங்க" என்று உன் மச்சான் கையெடுத்துக் கும்பிட்டாராம். கும்பிட்ட கையிலேயே முதல் வெட்டு. அடுத்தது கழுத்தில். அப்புறம் வண்டியை உள்ளே கிடந்தவனோடு வாய்க்காலில் கவிழ்த்துவிட்டார்கள். தங்களிடம் கூலிக்கு வந்தவனையே! மனுஷப் பிறவிகளா அவர்கள்? உன் மச்சானைத் துணியில் கட்டித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தைப் பார்க்காதே என்று என்னைப் பிடித்து இழுத்தார்கள். நான் திமிறிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

உன் மச்சான், அமிர்தலிங்கம் இரண்டு பேரையும் கொன்றது நம் தெருக்காரர்கள்தான் என்று வழக்கு. வைரக்கண்ணுவோடு தெருவில் பாதி ஆண்கள் ஜெயிலில் கிடக்கிறார்கள். முன்பு ஒருநாள் களத்தில் காரியக்காரரை நீ அடித்துவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினாயே, அதைப் பண்ணை ஆட்கள் மறக்கவில்லை. "மச்சானுக்குக் குடுத்தாச்சு, மச்சினன் வரட்டும்" என்று என் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அதனால் கையெழுத்துப் போடு, தம்பி. முழுச் சம்பளம் வாங்கினேன் என்றே எழுதிக் கொடு. கூலி குறையக் கூடாது என்று வயலில் இறங்கிக் கத்தினவளா இதைச் சொல்கிறாள் என்பாய். நானேதான் சொல்கிறேன். உன் மச்சான் இருந்தால் இப்படி எழுத விட்டிருக்க மாட்டார்.

ஒன்று மட்டும் கேள். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்த அமிர்தலிங்கம்தான் கண்ணுக்குள் நிற்கிறான். அங்கே நீதானே வெளியூர் ஆள். குறைந்த சம்பளத்துக்கு வந்து எங்கள் பிழைப்பைக் கெடுக்கிறாயே என்று அந்த ஊர்க்காரன் எவனாவது உன்னை ஏசினால் எதிர்த்துப் பேசாதே. அவன் சொல்வதும் நியாயந்தான். கையில் எதையாவது எடுத்தான் என்றால் நிற்காதே, ஓடிவிடு. உன் ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வை.

என் மகள் செவ்வந்தி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மாமா நன்றாயிருக்கிறார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே. தலைமுடி நரைத்து, பேரன் பேத்தி எடுத்து, நீண்ட ஆயுளோடு இரு, என் ராசா. இங்கே மட்டும் வராதே.

உன் அக்காள்,
அம்சம்